வெறும் வயலுக்கு மசக்கை

கம்சாய் பானைக்குள் கையை விட்டு எடுத்தது வெள்ளைப் பந்து. கோயில் மண்டபமே கைதட்டியது.

"வெள்ளைடா! வெள்ளைன்னா சும்மாவா? பந்துல நம்பர் ஏதாச்சும் போட்டிருக்கா பாரு, அப்படியே லாட்டரி எடுத்துருவோம்" என்று பக்கத்து வயல்காரன் சிங்கேவ் எழுந்து நின்று கத்தினான்.

பேராசிரியர் வோரவிட் கைதட்டல் அடங்கும்வரை தலையைச் சற்றுக் குனிந்து, புன்னகையோடு நின்றார். எந்த மண்டபத்தில் எதற்காகக் கைதட்டினாலும் அது தனக்குத்தான் என்று நம்பி வளர்ந்த மனிதர். சற்று முன்புதான் அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று ஒலிபெருக்கியில் முழங்கியிருந்தார். முழங்கிவிட்டு, எந்த வயலுக்கு என்ன என்று முடிவுசெய்யப் பானையையும் பந்துகளையும் கொண்டுவரச் சொன்னார்.

"அக்கா, உங்களுக்கு வந்திருக்கிறதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே ரொம்ப முக்கியமான வயல்" என்றார்.

கம்சாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய படிப்புச் சொல்லித்தருபவரை அந்த ஊர் 'ஆஜான்' என்றுதான் கூப்பிடும். "அப்படியா ஆஜான்? அதுல என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் போட மாட்டோம்."

"உழவுக்கு முன்னாடி போட மாட்டீங்களா, பின்னாடி போட மாட்டீங்களா?"

"எப்பவுமே போட மாட்டோம். மத்த மூணு வயலுக்கும் கரி போடுவோம். போட்டதுக்கும் போடாததுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்க ஒண்ணு வெறுமனே இருக்கணும் இல்லையா? அதுக்குப் பேரு ஒப்பீட்டு வயல்."

கம்சாய் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ முக்கியம்னு சொன்னீங்களே?"

"அதனாலதான் முக்கியம்."

கல்யாண வீட்டில் ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து, 'நீ சாப்பிடாமல் இருப்பதால்தான் மற்றவர்கள் சாப்பிடுவது தெரிகிறது, அதனால் நீதான் விருந்தின் நாயகி' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது கம்சாய்க்கு. மண்டபத்தில் கைதட்டியவர்கள் தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஹுவாய் லோம் கிராமத்து ஓடை மலையிலிருந்து இறங்கி வருகிறது. மலை மேலே முன்பு துத்தநாகம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் கிளறிவிட்ட காட்மியம் மட்டும் ஓடையோடு இறங்கி வந்து வயல்களில் குடியேறிவிட்டது. நெல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது, மண்ணில் இருப்பதை உறிஞ்சும். அதை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு வலித்தது. அரசாங்கம் வந்து பார்த்து, இனி நெல் வேண்டாம், கரும்பு நடுங்கள் என்றது. ஊரில் கிட்டத்தட்ட எல்லா வயலும் கரும்பாகிவிட்டது. பிடிவாதமாக நெல்லே நட்டுக்கொண்டிருந்தது ஓடையோரத்து நான்கு வயல்கள்தான். அந்த நான்குக்கும் வேளாண் அலுவலக அம்மாள் கடைசி வாய்ப்பு ஒன்று தந்திருந்தாள்: இந்த அறுவடையில் அரிசியில் காட்மியம் அனுமதித்த அளவுக்குள் வந்தால் நெல், வராவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து கரும்பு.

கம்சாய்க்குக் கரும்பின் மேல் பகை ஏதும் இல்லை. அவளுடைய குறை குளிர்காலத்தில் வரும் புது அரிசித் தானம் பற்றியது. புதிதாக அறுத்த நெல்லைக் குத்தி, முதல் சோற்றைக் கோயிலுக்குக் கொடுக்கிற நாள். அன்றைக்கு ஊரே ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலோடு பச்சை மூங்கிலில் அடைத்து நெருப்பில் சுட்டுக் காவ்லாம் செய்யும். காட்மியம் வந்த நாளிலிருந்து புது அரிசித் தானத்துக்குக் கடையில் வாங்கிய பொட்டல அரிசிதான். பிக்குகள் எதுவும் சொன்னதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் அவர்கள் முறை. ஆனால் போன தடவை ஓர் இளம் பிக்கு பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த தேதியை உதட்டை அசைத்து வாசித்ததைக் கம்சாய் பார்த்துவிட்டாள். போதாததற்கு அந்த அரிசியில் செய்த காவ்லாம் மூங்கிலை உரித்தால் நிற்காமல் கோந்து மாதிரி வழிந்தது. அந்த வட்டாரத்திலேயே காவ்லாமுக்குப் பெயர்போன கைக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? இந்த ஆண்டு தன் வயல் அரிசியைக் கோயிலில் வைத்தே தீர்வது என்று இருந்தாள். வைக்க முடியாமல் போனால், அப்புறம் எப்போதும் முடியாது.

அந்த நேரத்தில்தான் வெள்ளைப் பந்து.

"பெரிய பிக்கு முன்னாடி ஒரு வாக்கு மட்டும் குடுங்க அக்கா" என்றார் வோரவிட். "ஆர்வக் கோளாறுல நீங்களே எதையாவது போட்டுட்டா என் உழைப்பெல்லாம் வீண்."

கம்சாய் கை கூப்பி, "என் கையால ஒரு பிடி கரியும் போட மாட்டேன்" என்றாள்.

பெரிய பிக்கு கண்ணை மூடிக்கொண்டார். தியானமா தூக்கமா என்று அவர் விஷயத்தில் யாரும் கேட்பதில்லை.

கரிச் சூளை கோயில் முற்றத்திலேயே போடப்பட்டது. மூடிய பீப்பாய்களில் உமியைப் போட்டுக் காற்றை அடக்கிக் கருக்கினார்கள். கருகியதை இரும்பு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி வறுத்தார்கள். வந்தது என்னவோ கறுப்பாக, செம்பழுப்பு பூத்த உமிக்கரி. ஆனால் அதை உமிக்கரி என்று சொன்னால் வோரவிட்டுக்கு முகம் சுருங்கும்.

"உமிக்கரி இல்லை. இரும்பேற்றி மேம்படுத்தப்பட்ட உயிர்க்கரி. எங்க சொல்லுங்க பார்ப்போம்?"

"இரும்பேத்தி மேம்படுத்தின உமிக்கரி" என்றார்கள் எல்லோரும்.

அவர் அயரவில்லை. "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான பொந்து இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு விடுதி அறைன்னு வெச்சுக்கங்க. காட்மியம் வந்து தங்குது. இரும்பு கதவைச் சாத்திப் பூட்டிருது. அப்புறம் அது நெல்லோட வேருக்குப் போக முடியாது."

"வாடகை, ஆஜான்?" என்றான் சிங்கேவ்.

சிங்கேவ் வயலுக்கு வெறும் கரி வந்திருந்தது. அடுத்த வயல்காரி புவாசோனுக்கு இரும்பேற்றிய கரி கொஞ்சம். ஊர்த்தலைவர் இன்டா வயலுக்கு இரும்பேற்றிய கரி முழு அளவு, மூட்டை மூட்டையாக. குலுக்கலில் தலைவருக்கு எப்போதும் பெரியதுதான் விழும். அந்த ஊர்ப் பானைகளுக்கு அது பழகிவிட்டது. தலைவருடைய வயல் சாலையை ஒட்டி இருந்தது. அதன் வரப்பில் பேராசிரியரின் படத்தைச் சிறிதாகவும் தன் படத்தைப் பெரிதாகவும் போட்டு ஒரு பலகை நட்டார்.

மிஞ்சிய கரியை வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் குளிர்பெட்டியில் வைத்தார்கள், நனைந்த செருப்புக்குள் போட்டார்கள். சிங்கேவ் பல் தேய்த்தே பார்த்துவிட்டான். இரும்பு வாடை அடிக்கிறது, பல்லுக்கும் துரு பிடிக்கும் போலிருக்கிறது என்று புகார் சொன்னான்.

இனி ஆராய்ச்சி தானாக நடக்கும் என்று வோரவிட் நகரத்துக்குப் போய்விட்டார். மண் எடுக்கவும் பயிரை அளக்கவும் அவருடைய ஆய்வு மாணவி பிம்தாவ் மட்டும் வந்து போவாள். அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்: மழை, பூச்சி, எலி, வெள்ளம். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி "சோறு தின்னாச்சா?" என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால், கேட்டவர் தன் இலையில் பாதியைத் தள்ளாமல் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், மூன்று வயல் வயிறாரத் தின்ன, ஒரு வயலை மட்டும் நடுவில் பட்டினி போட்டு எல்லோரையும் வேடிக்கை பார்க்கச் சொல்லியிருந்தார்.

"பாவம், கம்சாய் வயல்" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு வரப்பில் கொஞ்சம் நின்றார்கள்.

கம்சாய் வாக்கைக் காப்பாற்றினாள். கரி மூட்டைப் பக்கமே போகவில்லை. ஆனாலும் சில விஷயங்கள் அவளுக்குப் புரியவில்லை. அவள் மடை திறக்காமலே வயலில் தண்ணீர் எப்போதும் நிறைந்து நின்றது. நாற்று நட இறங்கியபோது கால் கணுக்கால்வரை கறுத்தது. பக்கத்தில் கரும்புத் தோகை எரித்த சாம்பலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிர் சூல் கட்டியது. தண்டு பருத்து, கதிர் உள்ளே பொதியாக இருக்கிற பருவம். நெல்லுத்தாய் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். மசக்கைக்காரிக்குப் புளிப்பு வேண்டாமா? புளி, புளிப்பு ஆரஞ்சு, பச்சை மாங்காய் எல்லாம் கூடையில் வைத்து, கூடவே சீப்பு, கண்ணாடி, முகப்பவுடர் வைத்து வயலில் படைப்பார்கள். வழக்கமாக அவரவர் வயலுக்கு அவரவர் படைப்பது. இந்தத் தடவை தலைவர் இன்டா அதை விழாவாக்கிவிட்டார்.

"நாலு வயலுக்கும் சேர்த்து ஒரே படையல். ஆஜான்தான் தலைமை. படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பறோம். என் வயல்ல வெச்சுக்கலாம், பலகை பக்கத்துலயே இருக்கு."

அதுவரை கண்மூடியிருந்த பெரிய பிக்கு வாயைத் திறந்தார். "யாருக்குப் பசி அதிகமோ அங்க படைக்கறதுதான் முறை."

தலைவர் முகம் தொங்கியது. படையல் கம்சாய் வயலுக்கு வந்தது. வெறும் வயலில் புளியும் ஆரஞ்சும் விழுந்தால் கணக்குக் கெடுமே என்று பிம்தாவ் தயங்கியபோது, இரண்டு புளியங்காயில் ஒன்றும் ஆகிவிடாது, சமூகப் பங்கேற்பு என்பது பெரிய விஷயம் என்றார் விழாவுக்காக நகரத்திலிருந்து வந்திருந்த வோரவிட்.

அன்று காலை கூடையை அடுக்கியது கம்சாய். புளியை வைத்தாள், ஆரஞ்சை வைத்தாள். அப்புறம் கை நின்றது. அவளும் பிள்ளை பெற்றவள். முதல் பிள்ளையின்போது புளிப்பா கேட்டது நாக்கு? அடுப்புக்கரியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கடித்தவள் அவள். சாம்பல் தின்றவளைத் தெரியும், களிமண் தின்றவளைத் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்பதை இல்லை என்று சொன்னால் எந்தப் பிறவியில் தீரும் அந்தப் பாவம்?

"என்ன கேக்கறே?" என்று கொல்லையிலிருந்து வயலைப் பார்த்துக் கேட்டாள். பயிர் காற்றில் அசைந்தது. அது ஆமாம் என்பதாகவே அவளுக்குத் தெரிந்தது. கூடையின் அடியில், பக்கத்து வீட்டில் செருப்புக்குப் போட்டு மிஞ்சியிருந்த இரும்பேற்றி மேம்படுத்தப்பட்ட உயிர்க்கரியை நெருக்கமாக அடைத்து, மேலே வாழையிலையைப் பரப்பி, அதன்மேல் பழங்களை அடுக்கினாள்.

வோரவிட் பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு வரப்பில் ஏறினார். கூடையைத் தூக்கியபோது "கொஞ்சம் கனமா இருக்கே" என்றார்.

"புளி நல்ல புளி, ஆஜான்" என்றாள் கம்சாய்.

"இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்றாள் பிம்தாவ். வோரவிட் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கூடையைக் கவிழ்த்தார். பவுடர் பறந்தது. ஆரஞ்சு உருண்டது. கம்சாய் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள். என் கையால் போடவில்லை தாயே, படித்தவர் கையால் போட்டிருக்கிறது.

அறுவடை முடிந்தது. அரிசி நகரத்து ஆய்வகத்துக்குப் போய் வந்தது. முடிவைச் சொல்ல மறுபடியும் கோயில் மண்டபம், மறுபடியும் ஒலிபெருக்கி. திரையில் முதல் படமாக வோரவிட் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் நின்ற வோரவிட் சிரிக்கவில்லை.

"முதல்ல நல்ல செய்தி" என்றார், துக்க வீட்டுக் குரலில். "கம்சாய் அக்கா வயல் அரிசி அளவுக்குள்ள வந்திருக்கு. சுத்தம். சாப்பிடலாம்."

மண்டபம் ஆர்ப்பரித்தது. கம்சாய் மனசுக்குள் மூங்கில் வெட்டியாயிற்று, தேங்காய் துருவியாயிற்று.

"மத்த மூணும் தேறலை." திரையில் ஒரு கோடு வந்தது. "கரியே போடாத வயல்ல காட்மியம் ரொம்பக் குறைவு. நிறையக் கரி போட்ட தலைவர் வயல்ல ரொம்ப அதிகம். அதாவது..." அவர் தொண்டையைச் செருமினார். அந்தக் கரிக்காக அவர் மூன்று நாடுகளில் மேடை ஏறியிருந்தார். "அதாவது, கரி போடப் போட விஷம் கூடுது. இந்த முறை பயன்படாது. சூளையைப் பிரிச்சுடலாம். என் ஆராய்ச்சி இதோட முடியுது."

"அப்போ மூணு வயலுக்கும் கரும்புதான்" என்றாள் வேளாண் அலுவலக அம்மாள், வருத்தமாகவே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவாசோன் கம்சாயின் கையைப் பிடித்தாள். அவளுடைய வயல் போய்விட்டது. ஆனால் அவள் சொன்னது, "உன்னோடதாவது தப்பிச்சுதே அக்கா. அது போதும். தானத்துக்கு எனக்கும் ரெண்டு குழாய் காவ்லாம் சுட்டுக் குடு."

அவள் பொறாமைப்பட்டிருந்தால் கம்சாய் வாயைத் திறந்திருக்க மாட்டாள். கொஞ்சம் குத்தலாகப் பேசியிருந்தாலும் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். இவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள். வாயைத் திறந்தால் தன் அரிசியும் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். திறக்காவிட்டால் இவளுக்குக் கரியும் இல்லை, நெல்லும் இல்லை. கம்சாய் மனசுக்குள் வெட்டிய மூங்கிலைத் திரும்ப ஒட்ட வைத்தாள். எழுந்தாள்.

"ஆஜான், அந்தக் கோடு தப்பு."

"கோடு தப்பாகாது அக்கா. எண்கள் பொய் சொல்லாது."

"எண்ணு சொல்லல. நான்தான் சொன்னேன். என் வயல் பட்டினி கிடக்கல. கரி தின்னுச்சு."

வோரவிட்டுக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது. "பெரிய பிக்கு முன்னாடி வாக்குக் குடுத்தீங்களே அக்கா! உங்க கையால போட மாட்டேன்னு..."

"என் கையால போடல. உங்க கையால போட்டது. பிம்தாவ் பொண்ணு, அந்த முதல் படத்தைக் கொஞ்சம் திரும்பப் போடும்மா. கூடையைப் பெருசாக்கு. இன்னும்."

திரை முழுக்கக் கூடை வந்தது. வாழையிலை விலகி, அதனடியிலிருந்து கறுப்பாக ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. மேல் மூலையில் பேராசிரியரின் பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"புளின்னு நெனச்சேன்" என்றார் வோரவிட், மெல்ல.

"மசக்கைக்காரிங்க கரி கேப்பாங்க ஆஜான். உங்க வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க."

வோரவிட் சுதாரித்துக்கொண்டார். அறிவாளி அல்லவா? "சரி. ஆனா ஒரே ஒரு கூடை. ஒரு கூடைக் கரிக்கு ஒரு வயலே சுத்தமாகாது. அதனால முடிவுல மாற்றமில்லை."

வீணாக உளறிவிட்டோமே என்று கம்சாய் நெற்றியில் தட்டிக்கொண்டாள். அப்போது புவாசோன் எழுந்தாள். அவளுக்குக் காது சிவந்திருந்தது.

"ஒரு கூடை இல்ல ஆஜான். துணி துவைக்கப் போறப்பெல்லாம் என் பங்குக் கரியைத் துண்டுல முடிஞ்சு எடுத்துட்டுப் போய் அக்கா வயல்ல உதறுவேன். மனசு கேக்கல. நாம தின்னுட்டு இருக்க, அது பார்த்துட்டு நிக்குது."

"அடிப்பாவி, நீயுமா?" என்றான் சிங்கேவ். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "இல்ல, உழவுக்கு முன்னாடியே என் மூட்டையில பாதியை அங்க கொட்டி, டிராக்டரை ஒரு சுத்து விட்டேன். தண்ணியும் நான்தான் திறந்துவிட்டேன், வயல் காயவே விடல. தீனிதான் இல்ல, தண்ணியாவது குடிக்கட்டுமேன்னு."

"தண்ணி வேறயா!" வோரவிட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி நின்னாலே காட்மியம் கட்டுப்படுமேய்யா!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க விடுதியைப் பத்தி மட்டும்தானே சொன்னீங்க?"

"தினமும் சூளை முற்றத்தைக் கூட்டறோமே" என்றார் பெரிய பிக்கு, கண்ணைத் திறக்காமலே. "கூட்டின கரி எங்க போகும்?"

வோரவிட் கடைசி நம்பிக்கையாகப் பிம்தாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"மிஞ்சின மூட்டையெல்லாம் நீங்கதான் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னீங்க, ஆஜான். ரொம்பக் கனம். அதுவும் கம்சாய் பெரியம்மா வயலைப் பார்த்தா ஒரு மாதிரி இருந்துச்சு. நாற்று நடறதுக்கு முந்தின நாள் அங்கயே..."

இப்போது எல்லோருடைய கண்களும் ஒருவரைத் தேடின. தலைவர் இன்டா முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, அக்கா வயல்ல நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்றான் சிங்கேவ்.

"நான் ஒண்ணுமே போடல. விதி விதிதான். ஆஜான் சொன்னதை அப்படியே கேட்டவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்."

"ஒரு பிடிகூடவா போடல?" என்றாள் பின்வரிசையில் யாரோ.

"எப்படி மனசு வந்துச்சு?" என்றாள் இன்னொருத்தி.

ஊரிலேயே விதியை மதித்த ஒரே மனிதரை ஊரே அருவருப்போடு பார்த்தது. தலைவர் உதவிக்குப் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு அளவு கரி போட்ட உங்க வயல்ல எப்படிக் காட்மியம் இவ்வளவு?"

"போட்டேனே. சாலையோரமா நல்லாத் தெரியற மாதிரி மொத்தத்தையும் போட்டேன். படம் எடுக்கறவங்களுக்குக் கறுப்பா தெரியணுமில்ல?"

"வயலோட உள்பக்கம்?"

"உள்பக்கத்தை யாரு படம் எடுக்கப் போறா?"

வோரவிட் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மண்டபத்துக் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வொருவர் சொன்னதையும் கூட்ட ஆரம்பித்தார். துண்டு முடிச்சை எப்படி எடையாக்குவது என்று புவாசோனோடு சண்டை போட்டார். தலைவரின் சாலையோரக் கரியைக் கழித்துவிட்டு, கூட்டி முடித்துப் பார்த்தால், எதுவுமே போடாத வயலுக்குத்தான் மற்ற எல்லா வயலையும்விட அதிகக் கரி போயிருந்தது. கோட்டைப் புதிதாகப் போட்டார். அது அவர் மூன்று நாடுகளில் காட்டிய அதே திசையில், ஒழுங்காகக் கீழே இறங்கியது.

"வேலை செய்யுது!" என்று கத்தினார். ஒலிபெருக்கியை மறந்துவிட்டார். "உமிக்கரி வேலை செய்யுது!"

"இரும்பேற்றி மேம்படுத்தப்பட்ட உயிர்க்கரி" என்று மண்டபமே ஒரே குரலில் திருத்தியது.

கம்சாய் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அப்போ என் அரிசி, ஆஜான்?"

அவர் முகம் மறுபடி பேராசிரியர் முகமானது. "அது ஒப்பீட்டு வயல்னு இனிமே சொல்ல முடியாது, அக்கா. விதி மீறல் நடந்திருக்கு. அதனால முறைப்படி அந்த முடிவு செல்லாது."

"உங்க ஆராய்ச்சிக்குச் செல்லாது" என்றாள் வேளாண் அலுவலக அம்மாள், எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டே. "வாய்க்குச் செல்லும். அளவுக்குள்ள இருக்குன்னு ஆய்வகம் சொல்லிடுச்சு. யார் கையால கரி போட்டீங்கன்னு அரிசிக்குத் தெரியாது. மத்த மூணு வயலுக்கும் இன்னும் ஒரு போகம் பார்க்கலாம். ஒழுங்கா, உள்பக்கமும் சேர்த்துப் போடுங்க."

புது அரிசித் தானத்தன்று பனி மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கம்சாய் தன் அரிசியைப் பொட்டலத்தில் அல்ல, பிரம்புக் கூடையில் கொண்டுபோய் வைத்தாள். தேதி தேடிய இளம் பிக்குவுக்கு முன்னால் கூடையைக் கொஞ்சம் வேண்டுமென்றே நகர்த்தி வைத்தாள். காவ்லாம் மூங்கிலை உரித்தபோது வழியாமல், வெள்ளையாக, நிமிர்ந்து நின்றது. பெரிய பிக்கு ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணைத் திறந்தார். அதற்குமேல் பாராட்டு அந்தக் கோயிலில் கிடையாது.

வோரவிட்டும் வந்திருந்தார். அடுத்த போகத்துக்கும் ஒரு வெறும் வயல் வேண்டுமே! இந்தத் தடவை பானையும் இல்லை, குலுக்கலும் இல்லை. அனுபவப்பட்ட மனிதர், வேறு ஒரு கேள்வி கேட்டார்: இந்த ஊரில் யார் வயல் பட்டினி கிடந்தால் ஒருத்தருக்கும் இரக்கம் வராது? மண்டபம் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

தலைவர் இன்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குலுக்காமலே அவர் கையில் கொடுத்த வெள்ளைப் பந்து சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. பலகையிலிருந்த தன் படத்தையும் கழற்றிவிட்டதாகக் கேள்வி. அவருக்கு முன்னால் இருந்த இலையில் ஒன்றும் இல்லை; யாரும் வைத்ததாகவும் தெரியவில்லை.

"சோறு தின்னாச்சா தலைவரே?" என்றாள் கம்சாய், வாய்ப்பழக்கத்தில்.

தலைவர் இல்லை என்று தலையாட்டினார்.

கம்சாய் இருந்ததிலேயே பருத்த காவ்லாம் ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தாள். வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புவாசோனும் பார்த்தாள். "பாவம், தலைவர் வயல்" என்று சிங்கேவ் ஒரு பெருமூச்சு விட்டான்.

மண்டபத்தின் மறுகோடியில் வாயில் காவ்லாமோடு இருந்த வோரவிட் இதைக் கவனித்துவிட்டார். இலையைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி ஓடிவந்தார்.

"அக்கா! வேண்டாம் அக்கா, அப்படிப் பார்க்காதீங்க!"